சுய ஹிப்னாடிசமும் மனசுக்குச் சொல்லும் வார்த்தையும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் டவுன், அம்மாபேட்டை, ஓமலூர், ஏற்காடு என்று எங்கே இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறோம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் மூன்றை வரிசையாகப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு அவைதான் அடிப்படை.

1. மேடைக்குக் கூப்பிட்டு வெங்காயத்தை ஆப்பிள்னு சொல்லித் தின்ன வைப்பாங்களே, அதுதானுங்களா இது?

வேர் ஒன்றுதான், வேலை வேறு. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியிருப்பது மங்கி, காதில் விழும் சொல்லுக்கு உடம்பும் மனசும் வழக்கத்தைவிடச் சுலபமாக இணங்குகிற நிலையைத்தான் ஹிப்னாசிஸ் என்கிறார்கள். தமிழில் அறிதுயில் என்றும் எழுதுவார்கள். இங்கே லயிப்பு என்றே சொல்வோம், எல்லோருக்கும் பழகின வார்த்தை. பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஏதோ யோசனையில் மூழ்கி, ஐந்து ரோட்டில் இறங்காமல் விட்டுவிட்டுத் திடுக்கிடுகிறோமே, அது கிட்டத்தட்ட இந்த நிலைதான். மேடைக்காரர் முதலில் கூட்டம் முழுவதையும் சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்த்து, நன்றாக இணங்குகிறவர்களை மட்டும் மேலே கூப்பிடுகிறார். வருகிறவர்களும் ஆடத் தயாராகவே வருகிறார்கள்.

மான்செஸ்டரில் டாக்டராக இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் 1841-ல் அப்படி ஒரு மேடைக் காட்சியைப் பார்த்துவிட்டு, தானே சோதிக்க ஆரம்பித்தார். வசியம் செய்பவரிடமிருந்து எந்தச் சக்தியும் பாய்வதில்லை, ஒரு பொருளை விடாமல் உற்றுப் பார்ப்பதும் கவனம் ஒன்றுவதுமே போதும் என்று கண்டுகொண்டார். கிரேக்க மொழியில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் பரவியதும் அவரால்தான். வெளியிலிருந்து சக்தி எதுவும் வர வேண்டியதில்லை என்பதால்தான், சொல்பவராகவும் கேட்பவராகவும் நீங்களே இருக்க முடிகிறது.

2. கண்ணை மூடி உள்ள போயிட்டு, திரும்பி வர முடியாமப் போயிட்டா?

அப்படி நடக்காது. அதிகபட்சம் தூங்கிவிடுவீர்கள், தூக்கம் கலைந்ததும் எழுந்துவிடுவீர்கள். இடையில் குக்கர் விசில் கேட்கும், வாசலில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம். "நினைவே தப்பிப் போகும்" என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். எழுந்ததும் சிலருக்கு ஓரிரு நிமிடம் மந்தமாக இருக்கும். அதனால் முடித்த கையோடு வண்டியை எடுக்க வேண்டாம்.

3. சரிங்க, எப்படிப் பண்றதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய உட்காருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வேண்டும், காலண்டர் மாட்டும் ஆணியே போதும். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அதையே பாருங்கள். மனசுக்குள் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். இப்படிப் பத்து மூச்சு. ஆணி மங்கும், சிலருக்கு இரண்டாகத் தெரியும், இமை கனக்கும். அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்து உடம்பு. ஜெர்மன் மனநல மருத்துவர் யோஹானஸ் ஷுல்ட்ஸ் 1932-ல் வெளியிட்ட பயிற்சியின் முதல் இரண்டு படிகளை எடுத்துக்கொள்கிறோம்: கனம், சூடு. "என் வலது கை கனமா இருக்கு" என்று ஆறு தடவை மெதுவாக, பிறகு இடது கை, பிறகு கால்கள். அடுத்த சுற்று "என் வலது கை வெதுவெதுன்னு இருக்கு". கனத்தை வரவழைக்க முயலாதீர்கள். துவைத்துப் பிழிந்த துணியை மடியில் போட்டு வைத்தது மாதிரி கையை விட்டுவிட்டுக் கவனித்தால் போதும். முதல் வாரத்தில் ஒரு கையில் தெரிந்தாலே நல்ல ஆரம்பம்.

பிறகு ஆழம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து அடிவாரத்துக்கு நிதானமாக இறங்குவதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒரு வளைவு: இருபது, பத்தொன்பது, பதினெட்டு. மேலே சில்லென்ற காற்று, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. இறங்க இறங்க மூங்கில் புதர், காற்றில் வெதுவெதுப்பு. உடம்பில் பரவுகிற சூடும் பாதையில் ஏறுகிற சூடும் ஒன்றாகவே வருவதால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் நன்றாகப் பிடிபடுகிறது. மலையேறினாலே வாந்தி வருகிறவர்கள் இதைத் தொட வேண்டாம், நினைத்தாலே வயிறு புரட்டும். அவர்கள் வீட்டு மாடிப்படியை இறங்கட்டும். அடிவாரம் வந்ததும் உங்கள் வாக்கியத்தை 20 முறை சொல்லுங்கள் (அது என்ன வாக்கியம் என்பது 6-ஆம் கேள்வியில்). வெளியே வர ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள்: மூன்றில் விரல்களை அசைத்து, நான்கில் ஆழமாக மூச்சிழுத்து, ஐந்தில் கண் திறந்து, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள்.

4. கண்ணை மூடினா எனக்கு இருட்டுதான் தெரியுது, படமே வர மாட்டேங்குது.

படம் வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது குறையே இல்லை. மணத்தையோ சத்தத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். கோடை மழை விழுந்த பிறகு காப்பித் தோட்டத்தில் பூக்கும் வெள்ளைப் பூவின் மல்லிகை போன்ற வாசம், தறி ஓடுகிற சீரான சத்தம், கையில் பிடித்த டம்ளரின் சூடு, எது உங்களுக்குச் சட்டென்று வருகிறதோ அது. எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். படம் இல்லாதவர்களுக்குப் பிடிமானம் அதுதான்.

எண்ணிக்கை தப்பிப் போகிறது என்றால் உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு, வேகமாகப் படித்துவிடுவது. ஒரு வரி சொல்லி, ஒரு முழு மூச்சு விட்டு, அடுத்த வரி. பதிவு 12 நிமிடத்துக்குக் குறைந்தால் திரும்பப் பதிவு செய்யுங்கள்.

5. ஒரு வாரமா உட்காருறேன், ஒண்ணுமே ஆகலைங்க. நிஜமா உள்ள போனேனான்னு எப்படித் தெரியும்?

வெளிச்சம், மிதப்பு என்று எதுவும் தெரியாமலே பலருக்கு வேலை நடக்கும். பார்க்க வேண்டிய அடையாளங்கள் சாதாரணமானவை: எச்சில் விழுங்குவது குறையும், இமை லேசாகத் துடிக்கும், கையை நகர்த்தலாம் ஆனால் நகர்த்தத் தோன்றாது, 15 நிமிடம் ஏழெட்டு நிமிடமாகத் தெரியும். இதில் இரண்டு இருந்தால் போதும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் வராது என்பதும் உண்மை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் 1959-ல் இதை அளக்க ஒரு அளவுகோலே உருவாக்கினார்கள். மிக நன்றாக இணங்குகிறவர்கள் சிலர், அதிகம் இணங்காதவர்கள் சிலர், பெரும்பாலோர் நடுவில். நீங்கள் எந்தப் பக்கம் என்று லேசாகப் பார்க்க ஒரு வழி உண்டு. நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் முன்னே நீட்டி, கண்ணை மூடி, ஒரு கையில் தண்ணீர்க் குடம் தொங்குவதாகவும் மறு கையில் பலூன் கட்டியிருப்பதாகவும் ஒரு நிமிடம் நினையுங்கள். கண் திறக்கும்போது கைகளுக்கு இடையே ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் உங்களுக்கு இது சுலபம். வித்தியாசமே இல்லையென்றால் ஆழத்தைத் தேடிக் காலம் கழிக்காமல் 10-ஆம் கேள்வியில் உள்ள குட்டிப் பயிற்சிகளில் நேரம் போடுங்கள்.

6. என்ன வாக்கியம் சொல்லணும்? ஒரு நல்ல வாக்கியம் நீங்களே குடுத்துடுங்களேன்.

கொடுத்தால் அது எங்கள் வாக்கியமாக இருக்கும். உங்களுடையதை எழுத வழி சொல்கிறோம். முதலில், வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கட்டும். "நான் மன அமைதியுடன் திகழ்கிறேன்" என்று யாரும் சமையலறையில் பேசுவதில்லை, மனசுக்கு அது மேடைப் பேச்சாகவே கேட்கும். "நான் நிதானமா பேசுறேன்" என்றால் காது கொடுக்கும்.

இரண்டாவது, வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்லுங்கள். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. "பயப்பட மாட்டேன்" என்பதில் பயம்தான் முதலில் வருகிறது, "மாட்டேன்" கடைசியில்தான் வருகிறது. "கோபப்படக் கூடாது" என்பதற்கு "குரலைத் தணிச்சுப் பேசுறேன்". "மறக்கக் கூடாது" என்பதற்கு "ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வரும்".

மூன்றாவது, உடம்பால் செய்யக்கூடிய ஒன்று அதில் இருக்க வேண்டும். "தைரியமா இருக்கேன்" என்பதைவிட "மேனேஜர் முகத்தைப் பார்த்து முதல் வரியை மெதுவா சொல்றேன்" மேல். ஒரு மூச்சில் முடிகிற நீளம், ஏழெட்டு வார்த்தைக்குள். ஒரு சமயத்தில் ஒரு வாக்கியம்தான். ஐந்தாறை ஒன்றாக எடுத்துக்கொண்டால் எதுவும் பதியாது.

7. "நான் கோடீஸ்வரன்"னு தினமும் சொல்லச் சொல்றாங்க. சொல்லும்போதே உள்ள "பொய் சொல்லாதே"ங்குது.

உள்ளே வருகிற அந்தக் குரல் சரியாகத்தான் சொல்கிறது. 2009-ல் கனடாவில் ஜோன் வுட் குழுவினர் செய்த ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற ரீதியில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். பெரிய வாக்கியம், அது உண்மையில்லை என்பதற்கான சாட்சிகளையெல்லாம் மனசுக்குள் எழுப்பிவிடுகிறது. மிகத் தேவையானவர்களுக்கே இது எதிராகத் திரும்புவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அவர்களோ, "எனக்கு நம்பிக்கை பத்தவில்லை" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

சோதிக்கும் முறை இது. வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லி, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பத்துக்கு மார்க் போடுங்கள். ஏழுக்குக் கீழே என்றால் வாக்கியம் சொல்வதைச் சின்னதாக்குங்கள். "எனக்குக் கணக்கு நல்லா வரும்" 3 மார்க்கா? "கணக்குல எனக்கு வர்ற பகுதியும் இருக்கு" 6. "நேத்து போட்ட கணக்கை இன்னைக்கு மறுபடி போட முடியும்" 9. மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி மார்க் போட்டால் நடு வாக்கியம் 8-க்கு வந்திருக்கும், அப்போது அதற்கு ஏறலாம்.

8. "நான்"னு சொல்லணுமா, "நீ"ன்னு சொல்லணுமா?

லயிப்பில் "நான்", பதற்றமான நேரத்தில் பெயர் சொல்லி "நீ". ஈதன் கிராஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சு போன்ற நெருக்கடிக்கு முன்னால் தன் பெயரைச் சொல்லித் தனக்கே பேசிக்கொண்டவர்கள் "நான், எனக்கு" என்று பேசியவர்களைவிட நிதானமாகச் சமாளித்தார்கள். பெயர் சொன்னதும் ஒரு அடி தள்ளி நின்று பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

நம் பக்கம் இதற்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது. அம்மாவோ அப்பத்தாவோ உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? சாமி, கண்ணு, தங்கம், பாப்பா, எதுவோ அது. "கண்ணு, முதல்ல உக்காரு. தண்ணி குடி. அப்புறம் பேசிக்கலாம்." யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருக்கும். கண்டிப்பான வாத்தியார் குரலில் பெயரைச் சொன்னால் உடம்பு இறுகிவிடும், கவனியுங்கள்.

9. கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருந்து பேரைச் சொல்றோம். அதுவும் இதுவும் ஒண்ணுங்களா?

வெளியே பார்க்க ஒத்திருக்கும். பிரான்சில் மருந்துக்கடைக்காரராக இருந்த எமில் கூவே, நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் மேலாகி வருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை எழுந்ததும் படுக்கும்போதும் 20 தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட நூலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஜபமாலை தெரிந்தவர்களுக்கு விரல் எண்ணினால் மனசு சும்மா இருக்கும் என்பது புதிதில்லை.

ஆனால் வேண்டுதல் அம்மனிடம் போகிறது, இந்த வாக்கியம் உங்களிடமே வருகிறது. இரண்டுக்கும் சண்டையில்லை. சாமி கும்பிட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு இடமும் நேரமும் தானாகவே அமைந்துவிடுகிறது.

10. கொலுசுப் பட்டறையில காலைல உக்காந்தா ராத்திரிதான் எழறேன். 15 நிமிஷத்துக்கு நான் எங்க போறது?

முதல் இரண்டு வாரம் மட்டும் எப்படியாவது நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகு குறுக்குவழி இருக்கிறது. அடிவாரத்தில் வாக்கியம் சொல்லும் நேரத்தில் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து லேசாக அழுத்திப் பழகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்த அழுத்தமே லயிப்பின் ஒரு பங்கை அழைத்து வரும். பட்டறையில் அதோடு மூன்று நீண்ட மூச்சு, ஒரு தடவை வாக்கியம். அரை நிமிட வேலை.

இதைவிட உதவுவது "எப்போ, அப்போ" வாக்கியம். 1990-களில் பீட்டர் கோல்விட்சர் இதை விரிவாக ஆராய்ந்தார். "நாளைக்கு ஒழுங்கா இருப்பேன்" என்ற பொது முடிவைவிட, எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று முன்கூட்டியே கட்டிவைத்த முடிவு அதிகம் நிறைவேறுகிறது. தறியில்: "எப்போ பாவு இழை அறுகுதோ, அப்போ ஒரு மூச்சு விட்டுட்டு முடிச்சுப் போடுறேன்." இழை அறுந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற அந்த நொடியில்தான் பக்கத்து இழையும் போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு: "எப்போ தட்டுவடை செட் கடை வருதோ, அப்போ ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் மாறிடுறேன்."

கேஸ் தீயில் பற்றவைக்கும்போதும், விசைத்தறி ஓடும்போதும், கத்தி பிடித்திருக்கும்போதும் கண்ணை மூடிச் செய்யும் எதுவும் கூடாது. மூச்சு மட்டும் போதும்.

11. பையன் ப்ளஸ் டூ. ஹாலுக்குள்ள போனதும் கை நடுங்கி எல்லாம் மறந்துடுதாம்.

பெரும்பாலும் செய்கிற தப்பு, ரிசல்ட்டைக் கற்பனை செய்யச் சொல்வது. 1999-ல் வந்த ஒரு ஆய்வில், நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்த மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் முன்னதாகப் படிக்க ஆரம்பித்தார்கள், கூடுதல் மார்க்கும் வாங்கினார்கள். ஆக, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே லயிப்பில் ஹாலை நடந்து பார்க்கட்டும்: வாசல், பெஞ்ச், நம்பர் எழுதிய ஸ்டிக்கர், வினாத்தாள் கைக்கு வருவது, முதல் கேள்வி தெரியாமல் இருப்பது, பேனாவைக் கீழே வைத்து ஒரு மூச்சு, பக்கத்தைத் திருப்பித் தெரிந்த கேள்விக்குப் போவது. தடுமாறும் இடத்தையும் சேர்த்தே ஒத்திகை பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாகவே நடப்பதாக மட்டும் ஒத்திகை பார்த்தவர்கள் முதல் தடுமாற்றத்திலேயே நிலைகுலைகிறார்கள்.

நடுக்கத்தை அடக்கச் சொல்லாதீர்கள். "நான் அமைதியா இருக்கேன்" என்று சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமா இருக்கு" என்று சொன்னவர்கள் பாட்டிலும் பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்ததாக அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் காட்டினார். படபடப்புக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஒரே துடிப்புதான், பெயரை மாற்றுவது சுலபம். "உடம்பு ரெடியாகுது" என்பது பிள்ளைகள் வாயில் நன்றாக வருகிறது. படிக்காத பாடத்துக்கு இது எதுவும் உதவாது.

12. மலைப்பாதையில வண்டி ஓட்ட பயம். ஆடியோவைக் காதுல மாட்டிட்டு ஓட்டலாமா?

கூடவே கூடாது. லயிப்பு ஆடியோவை வண்டியில் போடவே வேண்டாம், பின் சீட்டில் இருப்பவர் கேட்பதற்காகக்கூட.

ஓட்டும்போது உதவுவது வேறு வகைப் பேச்சு: அடுத்த செயலை வாய்விட்டுச் சொல்வது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "ஹார்ன். ரெண்டாம் கியர். இடது ஓரம். வளைவு முடியுற இடத்தைப் பார்." பயம் பேச இடமில்லாமல் போகும், கையும் சரியானதைச் செய்யும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கமே போகப் பார்க்கும். அதனால்தான் கடைசி வரி. இறங்கும்போது ஏறுவதற்கு என்ன கியரோ அதே கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். இந்த விதிகள் தெரியாமல் வருகிற பயத்துக்கு மருந்து விதிகளைப் படிப்பதே. மனப்பயிற்சியை முந்தின நாள் வீட்டு நாற்காலியில் முடித்துவிடுங்கள்.

13. ராத்திரி தூக்கம் வரலை. படுத்துக்கிட்டே பண்ணலாமா?

இதற்கு மட்டும் படுத்துக்கொண்டே செய்யலாம், அலாரமும் ஒன்று முதல் ஐந்தும் வேண்டாம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வை முதலில் சேருங்கள்: கால் விரல்களிலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு பகுதியாக 5 நொடி இறுக்கி, 15 நொடி விட்டுவிடுவது. கெண்டைக்காலை மட்டும் மெதுவாக இறுக்குங்கள், நரம்பு இழுத்துக்கொள்ளும். பிறகு வளைவுகளை எண்ணி இறங்குங்கள்.

"நான் தூங்குறேன்" என்ற வாக்கியம் வேண்டாம். தூங்கிவிட்டோமா என்று பார்க்க மனசு விழித்தே இருக்கும். "படுத்திருக்கிறதே ஓய்வுதான்" போதும்.

14. வயித்து வலி, சுகர், சிகரெட் எல்லாம் சரியாகுமா? மாத்திரையை நிறுத்திடலாமா?

மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு, மனநல மாத்திரை எதுவானாலும் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

வலியில் ஹிப்னாசிஸுக்குப் பழைய சரித்திரம் உண்டு. மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்குச் சற்று முன், 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் இதற்கு முன்னோடியான முறையில் நோயாளிகளை ஆழ்த்திவைத்து அறுவை சிகிச்சைகள் செய்தார். வயிற்றைப் பொறுத்தவரை ஐபிஎஸ் எனப்படும் குடல் தொல்லைக்கு 1984-ல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு நல்ல பலன் காட்டியது. ஆனால் அது பயிற்சி பெற்றவர் மாதக்கணக்கில் அளித்த சிகிச்சை. வீட்டுப் பயிற்சியை அதற்குத் துணையாகத்தான் வைக்கலாம். காரணம் தெரியாத வலியை முதலில் பரிசோதிக்க வேண்டும், லயிப்பில் வலி குறைந்தால் நோய் மறைந்தே வளரும். சிகரெட்டை நிறுத்த ஹிப்னாசிஸ் மற்ற வழிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. "எப்போ, அப்போ" வாக்கியத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். திடீர் நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் அது பதற்றமாக இல்லாமல் சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். மூச்சுப் பயிற்சிக்கு உட்காராதீர்கள். மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மீட்டரில் பாருங்கள்.

15. இது யாருக்கு ஆகாதுங்க?

இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவது ஆகிய தொல்லை உள்ளவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். விபத்து, வன்முறை போன்ற பழைய கொடுமைகள் மனசில் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடியதும் அவை மேலே வரலாம். அப்படி வந்தால் உடனே கண்ணைத் திறந்து, கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். தளர்ந்தாலே சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே மூச்சை மட்டும் செய்யலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் அது வாக்கியம் சொல்லி ஆற்றுகிற விஷயமில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள்.

16. நகையை எங்கயோ வெச்சுட்டேன். ஆழ்மனசைக் கேட்டா சொல்லுமா? முன் ஜென்மம்கூட வருதுங்கறாங்க.

ஹிப்னாசிஸ் ஞாபகத்தின் சரித்தன்மையைக் கூட்டுவதில்லை, ஞாபகத்தின் மேலுள்ள நம்பிக்கையைக் கூட்டிவிடுகிறது. கற்பனையும் கண்ணால் கண்டதும் அங்கே ஒரே தெளிவோடு வரும். நகையை வேலைக்காரம்மா எடுப்பது போல் "தெரிந்தது" என்று ஒருவரைச் சந்தேகித்தால் அந்தப் பாவத்துக்கு அளவே இல்லை. முன் ஜென்மக் காட்சிக்கும் இதே பதில்தான். நகைக்கு, கடைசியாகக் கழற்றிய இடத்தில் நின்று அன்று செய்த வேலைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். லயிப்பில்லாமலேயே இது உதவும்.

17. சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாமா?

ஏழெட்டு வயதிலிருந்து தரலாம், 5 நிமிடம் போதும். கற்பனை அவர்களுக்குப் பெரியவர்களைவிட வேகம். ஆனால் பிள்ளையின் உள்பேச்சு வீட்டில் கேட்கிற பேச்சிலிருந்துதான் உருவாகிறது. பகலெல்லாம் "மக்கு" என்று கூப்பிட்டுவிட்டு இரவில் "நான் கெட்டிக்காரன்" சொல்ல வைத்தால் எது நிற்கும்? "இந்தக் கணக்கு இன்னும் வரலை, நாளைக்கு மறுபடி பார்ப்போம்" என்று நீங்கள் சொல்வதை அவன் தனக்குத் தானே சொல்ல ஆரம்பிப்பான்.

18. எத்தனை நாள்? சிலர் 21ங்கறாங்க, சிலர் ஒரு மண்டலம்ங்கறாங்க.

21 என்பது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-ல் எழுதிய பொதுவான கவனிப்பிலிருந்து பரவியது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்கச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி 18-லிருந்து 254 நாள்வரை. 48 நாள் மண்டலம் பழகின கணக்கு என்பதால் முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் பின் தொடருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கு முறியாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

தினசரி காலண்டரில் தேதியைக் கிழிக்கும் முன் அதன் பின்னால் ஒரு எண் எழுதுங்கள்: வாக்கியத்துக்கு இன்று எத்தனை மார்க். கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்தால் மாதக் கடைசியில் ஏறுகிறதா இல்லையா என்று கையிலேயே தெரியும்.

19. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடி பழையபடி ஆயிடுச்சு.

வாக்கியம் தேய்ந்திருக்கும். வாய் சொல்கிறது, மனசு கேட்பதில்லை. வார்த்தையை மாற்றுங்கள், அல்லது 7-ஆம் கேள்வியில் சொன்ன மார்க் போட்டுப் பார்த்து அடுத்த படிக்கு ஏறுங்கள். சில சமயம் வாக்கியம் நன்றாகவே இருக்கும், தூக்கம் குறைந்திருக்கும், வேலை நேரம் மாறியிருக்கும். நைட் ஷிப்ட் மாறிய வாரத்தில் எந்தப் பயிற்சியையும் எடைபோடாதீர்கள்.

20. எனக்குப் பிரச்னை மனசுல இல்லைங்க, வட்டிக் கடன்ல இருக்கு. அதுக்கு என்ன வாக்கியம் சொல்றது?

கடனை அடைக்கிற வாக்கியம் கிடையாது. "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று 20 தடவை சொன்னாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த இதத்தில் நாட்கள் போவதுதான் ஆபத்து. கூலி குறைவு, வீட்டில் அடி, மேலதிகாரியின் தொல்லை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். வெளியே இருப்பதை வெளியேதான் சரிசெய்ய வேண்டும்.

செய்யத் தெரிந்தும் கால் நகராத இடத்தில் மட்டும் இந்தப் பயிற்சிக்கு வேலை உண்டு. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதுவதையே பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் பலர். அவர்களுக்கு 10-ஆம் கேள்வியின் முறைப்படி வாக்கியம்: "எப்போ ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவுறேனோ, அப்போ நோட்டை எடுத்து ஒரு பேரும் ஒரு தொகையும் எழுதுறேன்." ஒரு நாளைக்கு ஒரு பெயர். பட்டியல் முடிந்த மறுநாள் வாக்கியத்தை மாற்றுங்கள்: "எப்போ பேங்க் திறக்குதோ, அப்போ நோட்டோட உள்ள போறேன்."